காற்றுக்கலமும் காலக்கெடுவும்

என் பாட்டனார் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் துளைப்பொறி பிடித்தவர். 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அத்துளைப்பொறிகளை இயக்கியது அமுக்கிய காற்று. அதைத் தேக்கிவைப்பது எஃகுக் கலம். அது வெடித்தால் அருகிலிருப்போர் பிழைப்பதரிது. ஆகவே, எத்தனை ஆண்டுக்கொருமுறை அதனைச் சோதிப்பது?

காற்றை அமுக்கிக் குளிரவிட்டால் அதன் ஈரம் நீராகிக் கலத்தின் அடியில் தங்கும். துரு அரிப்பதும் அங்கேதான். நடுவில் மட்டும் தடிப்பை அளந்து மனநிறைவு கொள்வது பேதைமை.

அடிச்சுவரின் தடிப்பு 12 மி.மீ. என்க. அமுக்கத்தைத் தாங்க 8 மி.மீ. வேண்டும். ஆண்டுக்கு 0.25 மி.மீ. அரித்தால் எஞ்சிய ஆயுள் 16 ஆண்டு. அப்படியாயின் பதினைந்தாம் ஆண்டில் பார்த்தால் போதாதோ என வகுப்பில் நானும் கேட்டதுண்டு. போதாது. அரிப்பு இருமடங்கானால் எட்டே ஆண்டில் எல்லை வந்துவிடும்! எனவேதான் எண்ணெய் ஆலைகளுக்கென எழுந்த அமெரிக்க நெறியாகிய ஏ.பி.ஐ. 510, எஞ்சிய ஆயுளில் பாதி அல்லது 10 ஆண்டு, இவற்றுள் குறைந்ததையே உட்சோதனைக்கு உச்சவரம்பாக்குகிறது. நம் கலத்துக்கு அது 8 ஆண்டு.

எட்டாம் ஆண்டில் தடிப்பு 9.6 மி.மீ. எனக் கண்டால்? அரிப்பு ஆண்டுக்கு 0.3 ஆகிறது, எஞ்சிய ஆயுள் ஐந்தாண்டுச் சொச்சம். அடுத்த சோதனை இரண்டரை ஆண்டில்.