நோய்க் காலத்தில் தெருத் துப்புரவு

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் போதித்திருக்கிறார்கள். முள்ளும் கல்லும் மட்டுமல்ல, தேங்கிய சாக்கடையும் நாறும் குப்பையும் இடையூறுகளே. ஆகவே தெருவைச் சுத்தம் செய்வது முனிசிபாலிட்டியின் வேலை என்று ஒதுங்கிவிட நமக்கு இடமில்லை. ஆனால், கொள்ளை நோய் பரவியிருக்கும்போது ஆட்கள் கூடி இந்த நற்செயலைச் செய்யலாமா? செய்வதானால் எப்படி?

2020 மார்ச் 25 முதல் கொரோனாவை முன்னிட்டு நாடெங்கும் ஊரடங்கு நடப்புக்கு வந்தபோது இக்கேள்வி எழுந்தது. 2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய்க்கான சர்வதேச அவசர நிலையை விலக்கிக்கொண்டது. எனினும் இன்னொரு கொள்ளை நோய் வராது என்று யாரும் உறுதி கூற முடியாது. கற்ற பாடத்தை மறவாதிருப்பது நமக்கு நல்லது.

நிறுத்துவதும் தொடங்குவதும்

நோயுள்ள ஒட்டகங்களை நோயற்றவற்றோடு சேர்க்கலாகாது என்பதும், கொள்ளை நோய் கண்ட ஊருக்குள் செல்வதோ அங்கிருந்து தப்பி ஓடுவதோ கூடாது என்பதும் ஹதீஸ்களில் வந்துள்ளன. எனவே நோய் கடுமையாக இருந்த நாட்களில் கூட்டுத் துப்புரவை நிறுத்தியது முறையே.

ஆனால் கொசு ஊரடங்கை அறியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டியிலும் பழைய டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களில் முட்டை கொசுவாகிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தெருவைச் சுத்தம் செய்யாவிட்டால், ஒரு நோய்க்கு அஞ்சி மற்றொரு நோயை வரவேற்றவர்கள் ஆவோம்.

தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஒரு தீங்கை அதே போன்ற தீங்கைக் கொண்டு அகற்றலாகாது என்பது அதை அடுத்து நிற்கும் விதி. முதல் விதி நம்மைத் துடைப்பம் எடுக்கச் சொல்கிறது. இரண்டாவது விதி எடுக்கும் முறையைச் சொல்கிறது.

கவனிக்க வேண்டியவை

1. சுகாதார அதிகாரிகளின் அனுமதி பெற்ற பின்பே தொடங்க வேண்டும். முதலில் அவரவர் வீட்டு வாசலையும் மாடியையும் அவரவர் குடும்பமே பார்த்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமைக் குளிப்பைப் போல, வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதையும் வழக்கமாக்கலாம். கொசு முட்டை தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

2. பொது இடத்திற்குச் சிறு குழுவாகச் செல்ல வேண்டும். ஆளுக்கு 6 அடி இடைவெளி, முகக்கவசம், கையுறை, தனித்தனி மண்வெட்டி அவசியம். வேலை முடிந்ததும் சோப்பிட்டு 20 விநாடியாவது கை கழுவ வேண்டும்.

3. தெருவில் கிடக்கும் முகக்கவசத்தைக் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். வீட்டில் கழித்த முகக்கவசத்தை வெட்டி, காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து, பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும் என்பது 2020-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காட்டிய முறை. குப்பையைப் பிரித்து அள்ளும் தூய்மைப் பணியாளரும் ஒரு வீட்டின் பிள்ளைதானே!

4. பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும். கிருமிநாசினியை மனிதர் மீது தெளிப்பதும் ஆகாது.

ஆபத்து எங்கே?

கொரோனா பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியாகவே பரவுகிறது. திறந்த வெளியைவிட, காற்றோட்டமற்ற அறையிலேயே ஆபத்து அதிகம். ஆகவே தெருவில் வேலை செய்யும் நேரத்தைவிட, வேலை முடிந்து முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஓர் அறையில் நெருங்கி அமர்ந்து தேநீர் குடிக்கும் நேரத்திற்கே அஞ்ச வேண்டும். ஒரே ஸஹனில் பலர் சேர்ந்து உண்பது நம் அன்பின் அடையாளம்தான். ஆயினும் நோய் தணியும்வரை உணவைப் பொட்டலமாக வீட்டுக்கு அனுப்புவதே அப்போது அன்பாகும்.

காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் வரவே கூடாது. முதியோரும் சர்க்கரை நோயாளிகளும் வீட்டில் இருக்கட்டும். ‘நாம் மட்டும் பின்தங்கிவிட்டோமே’ என்று அவர்கள் வருந்த வேண்டியதில்லை. தபூக் பயணத்தின்போது தக்க காரணத்தால் மதீனாவில் தங்கிவிட்டவர்களுக்கும் அந்நன்மையில் பங்குண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஆர்வம் மிகுந்த ஒரு பெரியவரை ‘வீட்டிலேயே இருங்கள் வாப்பா’ என்று தடுக்கும் மகனும் அத்துப்புரவுப் பணியில் ஒரு பகுதியைச் செய்தவனே.

நோய்க்கு நோய் எச்சரிக்கை மாறும். காலராவுக்குத் தண்ணீரையும், கொரோனாவுக்குக் காற்றையும் கவனிக்க வேண்டும். மாறாதது ஒன்றே: நம் கையாலும் நம் மூச்சாலும் அயலாருக்குத் தீங்கு நேரலாகாது. அத்தகைய துப்புரவையே செய்ய அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.