படிக்க இலவசம், பயன்படுத்த?



நம் கோவையில் ஒரு மாணவர் சங்கம் தொடங்கிய ஆராய்ச்சி இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? லாலி ரோடு வேளாண் கல்லூரியில் 1911-இல் உருவான மாணவர் சங்கம் வெளியிடும் ‘மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல்’தான் அது. நூறு தொகுதிகளைத் தாண்டிவிட்டது. மாணவர்களாலும் இதழ் நடத்த முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

நம் பாலிடெக்னிக் மாணவர்களும் நாளைக்கு ஒரு தொழில்நுட்ப இதழ் தொடங்கலாம். காகிதச் செலவில்லாமல் இணையத்திலேயே வெளியிடலாம். ஆனால் முதல் இதழ் வருவதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். நம் கட்டுரையை எடுத்து மற்றவர்கள் என்னென்ன செய்யலாம்? அந்தப் பதிலுக்குப் பெயர்தான் உரிமம்.

சும்மா கிடைத்தால் போதாதா?

ஓர் உதாரணம் பார்ப்போம். பம்ப்செட் மோட்டாரின் மின்செலவைக் குறைப்பது பற்றி நல்ல ஆங்கிலக் கட்டுரை ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் தமிழாக்கி, கணபதி, ஆவாரம்பாளையம் பட்டறைக்காரர்களுக்கு அச்சடித்துக் கொடுக்க நினைக்கிறீர்கள். “சும்மாதானுங்களே கிடக்குது, எடுத்துப் போட்டா என்னங்க?” என்று கேட்கத் தோன்றும்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. எழுதியவர் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். நகலெடுப்பதும் மொழிபெயர்ப்பதும் அந்த உரிமையில் அடங்கியவை. சொந்த ஆராய்ச்சிக்கும் வகுப்பறைக்கும் சட்டம் விலக்கு தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் டெல்லி உயர்நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது இந்த விலக்கை வைத்துத்தான். ஆனால் அது வகுப்பறைக்கான விலக்கு. பட்டறைக்குப் போக அனுமதி வேண்டும்.

2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டமும் படிப்பதற்கான வழிதான். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு வெளிநாட்டு இதழ்கள் கிடைக்கின்றன. பட்டறைக்காரர் அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்.

பாரதி பாடல்கள் எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்பதற்காக, 1949-இல் சென்னை மாகாண அரசே அவற்றின் உரிமையை வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் அரசாங்கம் வருமா? வராது. எழுதியவரே ஒரு வரியில் அனுமதி கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. 2002 டிசம்பரில் வெளியான ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமங்கள் இதற்காகவே எழுதப்பட்டவை. தமிழில் இதைப் ‘படைப்பாக்கப் பொதுமம்’ என்கிறோம்.

நான்கு அடையாளங்கள்

1. பி.ஒய். – என் பெயரைச் சொல், மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல். பிறகு நகலெடு, மொழிபெயர், விற்றாலும் சரி.

2. எஸ்.ஏ. – நீ மாற்றி வெளியிடுவதையும் இதே உரிமத்தில் கொடு. தமிழ் விக்கிப்பீடியா இந்த வகைதான்.

3. என்.சி. – வணிக நோக்கம் கூடாது.

4. என்.டி. – மாற்றியமைத்ததை வெளியிடக் கூடாது.

பெயர் சொல்வது எல்லாவற்றுக்கும் பொது. மற்றவற்றைச் சேர்த்தும் விட்டும் ஆறு உரிமங்கள் அமைகின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் என்.டி. ‘என் கட்டுரையைக் கெடுத்துவிடுவார்கள்’ என்ற பயத்தில் பலர் இதைப் போடுகிறார்கள். ஆனால் மொழிபெயர்ப்பும் மாற்றியமைப்புதான் என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலக் கட்டுரைக்கு என்.டி. போட்டால் தமிழுக்குக் கதவைச் சாத்திவிட்டோம் என்று அர்த்தம். நம்மைப் போன்ற மொழிக்காரர்களுக்கு இதைவிட நஷ்டம் வேறில்லை.

அடுத்து என்.சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ‘நாம் உழைக்க, எவனோ காசு பார்ப்பதா?’ ஆனால் வணிகம் எங்கே தொடங்குகிறது? செலவுக்காக இருபது ரூபாய் விலை வைக்கும் சிறுபத்திரிகை வணிகமா? தன் டீலர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கும் பம்ப் கம்பெனி வணிகமா? இந்தக் குழப்பத்தில் நேர்மையானவர்கள்தான் ஒதுங்கிப் போவார்கள். திருடுகிறவன் உரிமத்தைப் படிப்பதே இல்லை.

ஆகவே ஆராய்ச்சி இதழுக்கு வெறும் பி.ஒய். போதும் என்பதே என் கருத்து. இதிலும் ஒரு விலை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. யாராவது கட்டுரையைப் புத்தகமாக்கி விற்றால் நம்மால் தடுக்க முடியாது. ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு எழுதியவருக்குச் சன்மானம் வருவது வழக்கமில்லை. நாலு பேர் படித்து, பயன்படுத்தி, பெயரைச் சொல்வதுதான் அவருக்கு வரும்படி. 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் திறந்த அணுக்க அறிக்கையும் இதைத்தான் சொன்னது: படைப்பு சிதையாமல் இருக்கவும் ஆசிரியர் பெயர் வரவும் மட்டுமே பதிப்புரிமை பயன்படட்டும். ராயல்டியை நம்பிப் பாடநூல் எழுதுபவர் கணக்கு வேறு. அவருக்கு இதே யோசனையைச் சொல்ல மாட்டேன்.

இதழ் தொடங்கும் முன்

• பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கட்டும். இதழுக்கு வெளியிடும் அனுமதி போதும். உரிமை முழுவதையும் இதழுக்கு எழுதி வாங்கிக்கொண்டு, பக்கத்தில் ‘திறந்த உரிமம்’ என்று போடுவது எழுதியவருக்குச் செய்யும் நியாயமல்ல.

• சட்டப்படி உரிமையை மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான் செல்லும். எந்த ஃபாரமானாலும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

• உரிமத்தின் முழுப்பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒவ்வொரு கட்டுரையிலும் அச்சிடுங்கள். 2013-இல் வந்த 4.0 பதிப்பைப் பயன்படுத்தலாம். உரிமத்தைத் தெளிவாகச் சொல்லாத இதழை, திறந்த இதழ்களின் உலகப் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே. சேர்த்துக்கொள்வதில்லை.

• பிறர் வரைந்த படம், அட்டவணை இருந்தால் தனி அனுமதி வாங்குங்கள். நம் உரிமம் அவற்றைக் கட்டுப்படுத்தாது.

• கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. எனவே எழுதுபவரிடம் முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்குங்கள்.

இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பத்து வருஷம் கழித்து ஒவ்வொரு பழைய மாணவரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்துக் கேட்க வேண்டியிருக்கும். திருப்பூரில் ஒருவர், துபாயில் ஒருவர், முகவரியே தெரியாமல் ஒருவர். எங்கே போய்த் தேடுவது? முதல் கூட்டத்திலேயே அரை மணி நேரம் ஒதுக்கி முடிவு செய்துவிடுங்கள். நீங்கள் எழுதும் கட்டுரை நாளை யாரோ ஒருவரால் தமிழாகி, உங்கள் பெயரோடு, ஆவாரம்பாளையத்துப் பட்டறை வரை போய்ச் சேரட்டும்.