அப்பாச்சி தொடங்க மறுத்தால்

பன்னிரண்டாம் வகுப்பு பி.எச்.பி செய்முறைக்கு எக்ஸாம்ப் நிறுவுகிறோம். மை.எஸ்.க்யூ.எல் பச்சையாகிறது, அப்பாச்சி மட்டும் தொடங்கிய உடனே நின்றுவிடுகிறது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது பலரின் வழக்கம். வேண்டாம். மாணவர்கள் எழுதிய நிரல்களும் தரவுத்தளங்களும் அந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கின்றன. அவையும் சேர்ந்து போய்விடலாம். கோளாறும் தீராது.

பெரும்பாலும் 80ஆம் எண் போர்ட்டை வேறொரு மென்பொருள் முன்பே பிடித்திருக்கும். ஒரு நாற்காலியில் இருவர் எப்படி உட்கார்வது? கட்டுப்பாட்டுப் பலகத்தில் 'நெட்ஸ்டாட்' பொத்தானை அழுத்துங்கள். 80க்கு நேரே யார் என்று தெரியும். 'சிஸ்டம்' என்றிருந்தால் விண்டோஸின் ஐ.ஐ.எஸ் சேவையாக இருக்கலாம். அதை நிறுத்த அனுமதி இல்லையா? அப்பாச்சிக்கு நேரேயுள்ள 'கான்ஃபிக்' பட்டியலின் முதல் கோப்பைத் திறந்து, 'லிசன் 80' என்பதை 'லிசன் 8080' ஆக்கிச் சேமித்துத் தொடங்குங்கள். உலாவியில் இனி 'லோக்கல்ஹோஸ்ட்:8080' என்று தட்டச்சிட வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பாடவேளை முழுக்க அதே கேள்விதான் வரும்.