ஆறு கூண்டுகள்: எண்ணைப் பார்த்துப் பணம் கட்டலாமா?

பிரிட்டனில் உரிமம் பெற்ற களங்களில் நடக்கும் கிரேஹவுண்ட் பந்தயத்தில் ஓர் ஓட்டத்துக்கு அதிகபட்சம் ஆறு நாய்கள். ஒன்றாம் கூண்டிலிருந்து புறப்படும் நாய்க்குச் சிவப்பு ஜாக்கெட், இரண்டுக்கு நீலம், மூன்றுக்கு வெள்ளை, நான்குக்குக் கறுப்பு, ஐந்துக்கு ஆரஞ்சு, ஆறுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு. நாயின் பெயரைக்கூடப் பார்க்காமல் நிறத்தைச் சொல்லிப் பணம் கட்டுகிறவர்கள் எந்த அரங்கிலும் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிக்கவேண்டியதில்லை. கூண்டு எண்ணுக்கு உண்மையாகவே பலன் இருக்கிறது. ஆனால் அந்தப் பலன் எவ்வளவு, அதை எப்படி அளப்பது, பந்தயப் பணம் ஏற்கும் புக்கி வைத்துக்கொள்ளும் பங்கை அது தாண்டுமா என்பதுதான் கேள்வி. தாண்டாது என்பது என் முடிவு. ஏன் என்று நீங்களே சரிபார்க்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும்.

முதலில் அடிப்படை வாய்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு நாய்கள் ஓடினால் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கும் கூண்டு வெல்லும் வாய்ப்பு 16.67 விழுக்காடு. ஒரு நாய் விலகிவிட்டால் அது 20 ஆகிவிடும். விலகிய நாயின் கூண்டு காலியாகவே இருந்தால் பக்கத்துக் கூண்டு நாய்க்கு இடம் தாராளமாகக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இப்போது இதை ஒரு மாலையின் 12 ஓட்டங்களுக்கு விரித்துப் பாருங்கள். எல்லாக் கூண்டுக்கும் சம வாய்ப்பே இருந்தாலும், ஆறாம் கூண்டு ஒரு முறைகூட வெல்லாமல் போகும் வாய்ப்பு 11 விழுக்காடு, அதாவது ஒன்பது மாலைகளில் ஒன்று. ஆறில் ஏதாவது ஒரு கூண்டாவது வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்போ 56 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்ட மாலைகளில் யாராவது ஒருவர் "இன்றைக்கு நாலாம் நம்பருக்கு ராசியே இல்லை" என்று சொல்லத்தான் போகிறார். அதைக் கேட்டு "இனி அது வந்தே தீரும்" என்று கட்டுவது தவறு. முந்தைய ஓட்டத்தில் யார் வென்றது என்பது அடுத்த ஓட்டத்து நாய்களுக்குத் தெரியாது. தோற்கும்தோறும் தொகையை இரட்டிப்பாக்கினால் போட்டதை மீட்டுவிடலாம் என்போருக்கும் அதே 11 விழுக்காடுதான் பதில். ஒரு பவுண்டில் தொடங்கி ஆறாம் கூண்டின்மேல் இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால், அப்படிப்பட்ட ஒரு மாலையில் கைவிட்டுப் போவது 4,095 பவுண்டு.

அடுத்தது, களத்தின் கூண்டுவாரி வெற்றிக் கணக்கு. இதைப் பல இணையதளங்கள் இலவசமாகவே தருகின்றன. அதில் விழுக்காட்டைப் பார்க்கும் முன் எத்தனை ஓட்டங்களின் கணக்கு அது என்று பாருங்கள். சம வாய்ப்புள்ள கூண்டு 100 ஓட்டங்களில் 9 முதல் 24 வரை எத்தனை முறை வென்றாலும் அது தற்செயலுக்குள் அடங்கும். இந்த எல்லைக்கு வெளியே போவது இருபதில் ஒரு முறை அளவுக்குத்தான். 600 ஓட்டங்களில் எல்லை 82 முதல் 118 வரை. 6,000 ஓட்டங்களில் 942 முதல் 1,058 வரை. உண்மையாகவே 18 விழுக்காடு வெல்லும் நல்ல கூண்டு ஒன்று இருந்தால், 600 ஓட்டங்களில் அது தருவது 108 வெற்றி. சாதாரணக் கூண்டிலிருந்து அதைப் பிரித்தறியவே முடியாது. 6,000 ஓட்டங்களில் 1,080 என்று வந்த பிறகுதான் ஏதோ இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். வாரம் நான்கு கூட்டம், கூட்டத்துக்கு 12 ஓட்டம் என்று வைத்தால் 6,000 சேர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் மணலை மாற்றியிருப்பார்கள், நாய்கள் துரத்தும் பொம்மை முயல் ஓடும் தண்டவாளத்தை மாற்றியிருப்பார்கள். பழைய கணக்கு வேறொரு களத்தின் கணக்காகிவிடும். இன்னொன்று: 18 களங்களை ஒப்பிட்டு "இந்தக் களத்தில் இந்தக் கூண்டு அமோகம்" என்று தேடினால் மொத்தம் 108 எண்களைப் பார்க்கிறீர்கள். அவற்றில் நாலைந்து எண்கள் காரணமே இல்லாமல் எல்லையைத் தாண்டி நிற்கும், உங்கள் கண்ணிலும் அவைதான் படும்.

எனவே எண்ணை நம்புவதைவிடக் காரணத்தைத் தேடுவது நல்லது, காரணம் இருக்கவும் செய்கிறது. அரை வட்ட வளைவில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடும் நாய் 3.14 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. களத்தின் இரண்டு முனைகளையும் அப்படியே கடந்தால் 6.28 மீட்டர். 480 மீட்டரை முப்பது வினாடிக்குள் முடிக்கும் நாய் வினாடிக்குப் பதினாறு மீட்டர் போகிறது. ஆக இழப்பு கிட்டத்தட்ட 0.4 வினாடி. ஒரு நாய் நீளத்தை 0.08 வினாடி என்று எடுத்துக்கொள்ளும் பிரிட்டிஷ் வழக்கப்படி ஐந்து நீளம் பின்தங்கல். ஒரு மூக்கு நீளத்தில் முடிவாகும் பந்தயத்தில் இது மலையளவு. அப்படியானால் ஒன்றாம் கூண்டு வாரிச் சுருட்டவேண்டுமே, ஏன் சுருட்டவில்லை? ஏனென்றால் ஆறாம் கூண்டு நாய் கடைசி வரை வெளியிலேயே ஓடவேண்டும் என்று சட்டமில்லை. வேகமாகப் புறப்பட்டால் முதல் வளைவுக்கு முன்பே உள்ளே வந்துவிடலாம். ஒன்றாம் கூண்டு நாய் மெதுவாகப் புறப்பட்டாலோ, பக்கத்து நாய்கள் அதன் முகத்துக்கு எதிரே குறுக்கே வெட்டி உள்கம்பிக்குப் போய்விடும். பின்னால் ஒடுங்கி நிற்பதைத் தவிர அதற்கு வழியில்லை. ஓட்டத்தின் பாதித் தீர்ப்பு முதல் வளைவில் எழுதப்படுகிறது. நாய்கள் அதிகம் மோதி விழுவதும் அங்கேதான். பந்தயத்தைத் தடை செய்யக் கேட்பவர்கள் முதலில் காட்டும் இடமும் அதுவே. வேல்ஸ் அரசு 2025 பிப்ரவரியில் தடை செய்யப்போவதாக அறிவித்தது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பிரிட்டனில் கூண்டு குருட்டுக் குலுக்கலில் கிடைப்பதில்லை. தரவரிசை ஓட்டங்களில் களத்தின் ரேசிங் மேனேஜர் நாயின் ஓட்டப் போக்கைப் பார்த்துக் கூண்டு ஒதுக்குகிறார்: கம்பியை ஒட்டி ஓடுவதை உள்ளே, நடுவில் ஓடுவதை நடுவில், அகலமாக ஓடுவதை வெளியே. ஆகவே "ஒன்றாம் கூண்டின் வெற்றி" என்று நீங்கள் படிப்பது கூண்டின் குணமும் அங்கே நிறுத்தப்பட்ட நாய்களின் குணமும் கலந்த எண். ஆஸ்திரேலியாவில் எட்டு நாய்கள் ஓடுகின்றன, கூண்டு எண் பெரும்பாலும் குலுக்கல். கூண்டின் தனிப் பலனை அறிய அங்குள்ள கணக்கே தெளிவானது. அந்தக் கணக்கைக் கொண்டுவந்து பிரிட்டிஷ் களத்தில் பொருத்தக்கூடாது. நீங்கள் செய்யவேண்டியது ரேஸ் கார்டைப் படிப்பது. ஒவ்வொரு நாயின் கடைசி ஓட்டங்களும் அதில் வரிசையாக இருக்கும்: எந்தக் கூண்டு, முதல் பகுதி நேரம், ஒவ்வொரு வளைவிலும் எத்தனையாவது இடம், மெதுவாகப் புறப்பட்டதா, நெரிசலில் சிக்கியதா என்ற சுருக்கக் குறிப்பு. முதல் பகுதி நேரத்தை ஆறு நாய்களுக்கும் எழுதி வைத்து, வளைவுக்கு எது முன்னால் வரும் என்று பாருங்கள். இரண்டாம் கூண்டில் வெளியே ஒதுங்கும் நாயும் மூன்றாம் கூண்டில் உள்ளே பாயும் நாயும் இருந்தால் இரண்டும் மோதும். ஆதாயம் ஒன்றாம் கூண்டுக்கோ நான்காம் கூண்டுக்கோ. கூண்டு எண் பேசுவது இப்படி அக்கம்பக்கத்தோடு சேர்ந்துதான்.

கடைசியாக விலை, பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். ஓர் ஓட்டத்தில் ஆறு நாய்களுக்கும் ஒன்றுக்கு 2, 3, 4, 5, 6, 8 என்று விலை எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம் (ஒன்றுக்கு 2 என்றால், ஒரு பவுண்டு கட்டி வென்றால் இரண்டு பவுண்டு லாபம்). விலையோடு ஒன்றைக் கூட்டி, அதனால் 100-ஐ வகுத்தால் அந்த விலைக்குள் இருக்கும் வாய்ப்பு வரும்: 33.3, 25, 20, 16.7, 14.3, 11.1. கூட்டினால் 120.4. நூறைத் தாண்டிய 20.4 தான் புக்கியின் பங்கு. இப்போது ஒன்றாம் கூண்டு உண்மையாகவே 19 விழுக்காடு வெல்கிறது என்றும், அது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்றும் தாராளமாக ஒப்புக்கொள்வோம். ஊரார் அதை 16.67 என்று நினைத்தால், புக்கியின் பங்கையும் ஏற்றிய பிறகு விலைக்குள் இருப்பது 20.07. நீங்கள் 100 பவுண்டு கட்டினால் நீண்ட நாளில் திரும்புவது 94 பவுண்டு சொச்சம். யாருக்கும் தெரியாத ரகசியத்தை வைத்துக்கொண்டே நூற்றுக்கு ஐந்து நட்டம்! நடப்பிலோ அது ரகசியமே இல்லை. கூண்டுக் கணக்கை விலை போடுகிறவர்தான் முதலில் பார்க்கிறார்.

புக்கி இல்லாமல் கட்டுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே எதிரெதிராகக் கட்டும் பெட்டிங் எக்ஸ்சேஞ்சில் பங்கு குறைவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே வெற்றித் தொகையில் சிறு கமிஷன் மட்டுமே. ஆனால் நாய்ப் பந்தயத்தில் எதிர்த்தரப்பில் நிற்கும் பணம் குறைவு, அதுவும் கூண்டு திறப்பதற்கு முந்தைய கடைசி நிமிடங்களில்தான் சேரும். சிறு தொகைக்கு உதவும், பெருந்தொகைக்கு உதவாது. கூண்டும் போக்கும் சேர்த்து நன்றாகக் கணிப்பவர்கள் ஜெயிக்கவில்லையா என்றால், ஜெயிக்கிறவர்கள் இருக்கலாம். அவர்கள் ஜெயிப்பது விலை தவறாக இருக்கும் ஓட்டத்தில் மட்டும் கட்டுவதால்.

ஆகவே உங்கள் கணிப்பை விலை பார்க்கும் முன்பே எழுதிவிடுங்கள். ஒரு நாய்க்கு 20 விழுக்காடு என்று தோன்றினால் நியாய விலை ஒன்றுக்கு 4. ஒன்றுக்கு 5 கிடைக்காவிட்டால் அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள். முதல் முந்நூறு ஓட்டங்களைப் பணம் போடாமல் நோட்டில் மட்டும் கட்டி, தேதி, களம், கூண்டு, உங்கள் கணிப்பு, கிடைத்த விலை, முடிவு என்று பதியுங்கள். 20 விழுக்காடு என்று நீங்கள் எழுதிய நாய்கள் ஐந்துக்கு ஒன்றுக்கு அருகில் வெல்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் பணத்தை வெளியே எடுக்கவேண்டாம்.