எத்தனை மாதம் காட்டுவது?

மாமல்லபுரத்து விடுதிக்கு முன்பதிவுத் தளம் எழுதுகிறீர்களா? ஒரு மாதக் காலண்டரோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கரையின் காலக்கணக்கு மாதக் கடைசியோடு முடிவதில்லை. இந்திய நாட்டிய விழா டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடியும். மாசி மகத்துக்கு இருளர் மக்கள் கடற்கரையில் கூடுவது சில ஆண்டு பிப்ரவரியில், சில ஆண்டு மார்ச்சில். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆகவே யார், எவ்வளவு நீண்ட காலத்தைப் பார்க்க வருகிறார் என்பதை வைத்துக் காட்சியைத் தேர்ந்தெடுங்கள்.

பக்கம் பக்கமாக இரண்டு மாதம்
அறை தேடும் விருந்தினருக்கு இது போதும். ஜேக்வெரி யூஐ, ஃபிளாட்பிக்கர் என்ற நிரலகங்கள் இரண்டிலும் ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் கிடைத்துவிடும். ‘அடுத்து’ பொத்தான் மட்டும் ஒவ்வொரு மாதமாக நகரட்டும். இரண்டிரண்டாகத் தாவினால் நவம்பர்–டிசம்பருக்குப் பிறகு ஜனவரி–பிப்ரவரி வந்து நிற்கும். நாட்டிய விழாவுக்கு வருபவர் தேடும் டிசம்பர்–ஜனவரி சேர்ந்து தெரியவே தெரியாது.

சிறு கட்டங்களாக 12 மாதம்
எந்த மாதம் நிரம்புகிறது, எது காலியாகக் கிடக்கிறது என்று பார்க்கும் உரிமையாளருக்கு ஏற்றது. ஃபுல்காலண்டர் என்ற நிரலகத்தின் 6ஆம் பதிப்பில் இந்தக் காட்சி உண்டு. கட்டம் சிறியது என்பதால் விருந்தினர் பெயரை அதில் திணிக்காதீர்கள், நிறம் போதும். 12 மாதத்துக்கு 12 முறை சர்வரைக் கேட்கவும் வேண்டாம். முதல் தேதியையும் கடைசித் தேதியையும் கொடுத்து மொத்தமாக ஒரே முறை வாங்குங்கள்.

இடைவெளியில்லாத வாரங்கள்
மாதங்களைத் தனித்தனிப் பெட்டியாக்காமல் வாரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் முறை. மீன் கொள்முதலைத் திட்டமிடும் மேலாளருக்குத் தடைக்காலம் மூன்று பெட்டிகளில் சிதறாமல் தொடர்ச்சியாகத் தெரியும். மாதம் மாறும் இடம் கண்ணில் பட, 1ஆம் தேதியில் மாதப் பெயரை எழுதி, பின்னணி நிறத்தையும் மாற்றுங்கள்.

கைபேசியில் எந்தக் காட்சியானாலும் மாதங்கள் கீழ்நோக்கி ஒரே வரிசையாக வரட்டும். பக்கவாட்டில் அடுக்கினால் விரல் தவறான தேதியில் படும்.

ஒன்றைச் செய்யத்தான் நேரம் இருக்கிறதென்றால் இரண்டு மாதக் காட்சியில் தொடங்குங்கள். விடுதிக்கு வருமானம் தருவது விருந்தினரின் பதிவு. அவருக்குக் குழப்பமில்லாமல் அமைந்த பிறகு மற்ற இரண்டையும் சேர்க்கலாம்.