எலும்புக்கு நடை மட்டும் போதாது

"மாத்திரை வேண்டாம் டாக்டர், சாப்பாட்டிலேயே சரிபண்ண முடியாதா?" எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அறிக்கையோடு வரும் அறுபது வயதுப் பெண்களில் பலர் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. சிலருக்கு "முடியும்" என்பேன். சிலருக்கு "சாப்பாடும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்" என்பேன். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எள்ளுருண்டை பிடிக்கத் தொடங்குவதில் அர்த்தமில்லை.

அறிக்கையில் 'டி-ஸ்கோர்' என்று ஓர் எண் இருக்கும். அது மைனஸ் 1 வரை இருந்தால் கவலையில்லை. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது, நோய் என்ற அளவுக்குப் போகவில்லை. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்கும் கீழே இறங்கினாலோ எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த கணக்கு இது. இலவச முகாம்களில் குதிகாலை ஒரு கருவிக்குள் வைத்துப் பார்த்துச் சொல்வார்களே, அது வெறும் முன்னறிவிப்பு. அதை வைத்து நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு கட்டக் கூடாது. முழங்கால் வலிக்கும் எலும்புப்புரைக்கும் சம்பந்தமில்லை. எலும்புப்புரை, முறிவு வரும்வரை பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

நடு வரம்பில் இருப்பவர்களில் பலருக்கு, வேறு ஆபத்துகள் இல்லையென்றால், மருந்தில்லாத வழியே முதல் வழி. ஆனால் நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு எலும்போ முதுகெலும்போ முறிந்தவர்கள், ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்கோ அதற்கும் கீழேயோ போனவர்கள் மருந்தை ஒதுக்கக் கூடாது. மாத்திரையால் தாடை எலும்பு செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு நிறுத்துபவர்கள் உண்டு. எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் அது மிக அரிது. இடுப்பு முறிவு அரிதல்ல. இளமையில் இருந்த உயரத்தில் நாலு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் வலியே இல்லாவிட்டாலும் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். முதுகெலும்பு சத்தமில்லாமல் நசுங்கியிருக்கலாம்.

இனி மருந்தில்லாத வழிகள். எல்லோரும் பாலில் தொடங்குவார்கள். நான் சுமையில் தொடங்குகிறேன்.

எலும்பு செத்த கட்டை அல்ல. பழையதை அரித்து எடுக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் அதற்குள் ஓயாமல் வேலை செய்கின்றன. முப்பது வயதுக்குள் கட்டுமானம் உச்சத்தைத் தொடும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் முதல் சில ஆண்டுகளில் அரிப்பு வேகமெடுக்கும். கட்டும் செல்களைத் தட்டி எழுப்புவது, எலும்பின் மேல் விழும் பழக்கமில்லாத பாரம். அன்றாடம் பழகிப்போன பாரத்துக்கு அவை அசையாது. தினமும் மெரினாவில் ஒரு மணி நேரம் நடப்பவருக்கும் டி-ஸ்கோர் ஏறாமல் இருப்பது இதனால்தான். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விடாதீர்கள். ஆனால் முதுகெலும்பின் அடர்த்தியை அது கூட்டுவதில்லை. நீச்சலும் சைக்கிளும் அப்படித்தான்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் 'லிஃப்ட்மோர்' என்றொரு ஆய்வு நடந்தது. எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களில் ஒரு பாதியினருக்கு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, நல்ல கனமான எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். குதித்து இறங்குவதும் அதில் உண்டு. எட்டு மாதத்தில் அவர்களின் இடுப்புக்கு மேலான முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. எலும்பு மெலிந்தவர்கள் கனம் தூக்கக் கூடாது என்று காலங்காலமாகச் சொல்லி வந்ததைப் பெரிதும் அசைத்த ஆய்வு இது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே அரிசி மூட்டையைத் தூக்க வேண்டாம். அவர்கள் முதல் மாதம் முழுக்க சரியாகக் குனிவது எப்படி என்றுதான் பழகினார்கள். நீங்கள் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நாலைந்து முறை போய்ப் பழகிக்கொள்ளுங்கள், அந்தச் செலவு வீண்போகாது. வீட்டில் தொடங்க ஒரு நாற்காலி போதும். கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், பத்து முறை. சுலபமாகிவிட்டதா? இரண்டு கிலோ துவரம்பருப்புப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். அப்புறம் நாலு கிலோ. எட்டாவது, பத்தாவது முறை செய்யும்போது திணற வேண்டும். திணறவில்லையென்றால் பாரம் போதவில்லை என்று அர்த்தம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு முன்னங்காலில் உயர்ந்து, குதிகாலைத் 'தொம்' என்று தரையில் போடுவது இன்னொன்று. சுவரில் கை வைத்துத் தள்ளும் பயிற்சி மணிக்கட்டுக்கும் தோளுக்கும். வாரம் இரண்டு மூன்று நாள் போதும், ஆனால் பாரம் மாதாமாதம் ஏற வேண்டும். ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கியவர்கள் குதிகாலைப் போடுவதையும் குதிப்பதையும் மருத்துவர் சொல்லாமல் செய்யக் கூடாது.

யோகா வகுப்புக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பச்சிமோத்தாசனம், பாதஹஸ்தாசனம், ஹலாசனம் மூன்றையும் விட்டுவிடுங்கள். முதுகை வளைத்து முன்னால் மடங்கும்போது முதுகெலும்புக் கட்டைகளின் முன்பக்கம் நசுங்கும். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் எலும்புப்புரை உள்ள பெண்களிடம் செய்து 1984-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், முன்னால் மடங்கும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிய முறிவுகள் வந்தன; முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான். மென்மையான புஜங்காசனம் நல்லது. சுவரோரம் நின்று செய்யும் விருட்சாசனம் மிக நல்லது. "வயசானாலும் காலைத் தொடுவேன்" என்று பெருமைப்படும் ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். இதே விதிதான் வீட்டிலும்: குடத்தையோ பேரனையோ தூக்கும்போது முதுகை நேராக வைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள்.

இப்போது சாப்பாடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் பரிந்துரைத்தபடி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மி.கி. கால்சியம் வேண்டும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. ஒரு டம்ளர் பாலில் சுமார் 240, ஒரு கிண்ணம் தயிரில் 200, ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் 180, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையில் 150, ஒரு மேசைக்கரண்டி எள்ளில் 130 என்று கூட்டினால் 900 வந்துவிடும். பருப்பும் காய்கறியும் மீதியில் பெரும்பங்கைத் தரும். மீன் சாப்பிடும் வீடுகளில் முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி எந்தக் கால்சியம் மாத்திரைக்கும் குறைந்ததல்ல. கேழ்வரகிலும் எள்ளிலும் உள்ளதெல்லாம் உடம்பில் சேராது என்பதும் உண்மை. கேழ்வரகை முளைகட்டினாலோ கூழாகப் புளிக்க வைத்தாலோ கூடுதலாகச் சேரும். பாலக்கீரையைக் கால்சியக் கணக்கில் எழுதாதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும், நமக்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம்.

இங்கே பிரண்டை வந்தே தீரும். துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியானது, நானும் சாப்பிடுகிறேன். விலங்குகளில் செய்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. மனிதர்களில் எலும்பு முறிவைத் தடுக்கிறது என்று சொல்லப் போதுமான சான்று இல்லை. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பில் கால்சியம் இருக்கிறதே என்று கேட்கும் பாட்டிகளும் உண்டு. இருக்கிறது, ஆனால் கூட வரும் பாக்கு புற்றுநோயைத் தரும். பெயர் தெரியாத 'மூட்டு வலிப் பொடி'களிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. சிலவற்றில் ரகசியமாக ஸ்டீராய்டு கலக்கிறார்கள். வலி மாயமாய் மறையும், எலும்பு கரையும்.

ஊறுகாய், அப்பளம், கருவாட்டின் உப்பு சிறுநீரில் கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். புரதம் குறைந்தால் தசையும் தேயும். இரண்டு இட்லியோடு முடிகிற காலை உணவில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேரட்டும்.

வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி குறைவா என்று ஆச்சரியப்படுகிறோம். ஆனால் ஆறரை மணிக் கோல வெயிலிலும் மாலை நடையிலும் அதைத் தயாரிக்கும் புற ஊதாக் கதிர் அநேகமாக இல்லை. ஜன்னல் கண்ணாடியும் அதை மறித்துவிடும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே சரியான நேரம். சென்னையில் மே மாதம் ஒன்பதரைக்கே நிழல் சுருங்கிவிடும், உச்சிவெயிலில் போய் மயங்கி விழ வேண்டியதில்லை. மார்கழியில் பதினோரு மணி ஆகட்டும். முகம் மட்டும் போதாது, கைகால்களிலும் இருபது நிமிடம், அரை மணி வெயில் படட்டும். ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்து வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுக்கும் 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்வது ஆபத்து. ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்து, 2010-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் விழுவதும் முறிவதும் குறையவில்லை, கூடின.

இடுப்பு முறிவுகளில் பெரும்பாலானவை விழுவதால் வருபவை. அதனால் வீட்டையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். குளியலறையிலும் கழிவறையிலும் சுவரில் கைப்பிடி அடியுங்கள், துண்டு மாட்டும் கம்பியை நம்பாதீர்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவில் எரிய ஒரு சின்ன விளக்கு. கண்புரையைத் தள்ளிப் போடாதீர்கள். தூக்க மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் எழுந்தவுடன் தலைசுற்ற வைக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சோறு வேகும் நேரத்தில் மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள்.

பலனை மாதத்தில் எதிர்பார்க்காதீர்கள். ஒன்று, இரண்டு ஆண்டுகள் கழித்து, முடிந்தால் அதே கருவியில், மறுபடி ஸ்கேன் எடுங்கள். அப்போதும் எண் இறங்கிக்கொண்டே போனால் மருந்தைப் பற்றி மறுபடி பேச வேண்டும். அதற்கிடையில் வாளியைத் தூக்கியபோதோ இருமியபோதோ முதுகில் சுரீரென்று புதிதாக வலி வந்து போகாமல் நின்றால், சுளுக்கு எடுப்பவரிடம் போய் முதுகை நீவிக்கொள்ளாதீர்கள். முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.