வல்லாரை: எந்த மண்ணில் வளர்ந்தது என்று கேளுங்கள்

பொதுத்தேர்வு நெருங்கினால் மேல்மலையனூர்ப் பக்கத்தில் வல்லாரைக்குத் தனி மவுசு. பிள்ளைக்குத் துவையல் அரைத்துக் கொடுக்கிறார்கள். கீரை கிடைக்காத வீட்டில் மாத்திரை டப்பா வந்துவிடுகிறது. நிழலடியில் தரையோடு படர்ந்து, ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும் இந்தச் சின்னப் பூண்டின் மேல் நாம் ஏற்றி வைத்திருக்கும் நம்பிக்கைகளில் சிலவற்றை இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

“வல்லாரை தின்றால் படித்தது மறக்காது.”

மனிதர்களிடம் நடந்த சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. வல்லாரை எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் நினைவாற்றலில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்பதே அதன் முடிவு. மனச்சுறுசுறுப்பு சற்றுக் கூடலாம் என்ற அளவுக்குத்தான் தடயம் கிடைத்தது. ஆகவே, தேர்வுக்கு முந்தின வாரம் பிள்ளைக்கு வேண்டியது தூக்கம். துவையல் நல்ல உணவு, அதைத் தாராளமாகக் கொடுங்கள். மதிப்பெண்ணை அதனிடம் கேட்காதீர்கள்.

வல்லாரையின் மெய்யான வலிமை தோலில் தெரிகிறது. 1940களில் மடகாஸ்கர் தீவின் வல்லாரையிலிருந்து பிரித்தெடுத்த ஏசியாட்டிகோசைடு என்ற பொருள், புண் ஆறும்போது கொலாஜன் உருவாவதைத் தூண்டுகிறது. கொரியாவிலிருந்து வரும் ‘சிக்கா’ களிம்புகளில் இருப்பதும் நம் வல்லாரைச் சாறுதான்.

“பிரம்மி என்பதும் வல்லாரைதான்.”

பல கடைகளில் இப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். ஆயுர்வேதத்தில் வல்லாரைக்கு மண்டூகபர்ணி என்று பெயர். கொத்தமல்லி, கேரட்டின் குடும்பம். பிரம்மி எனப்படும் நீர்ப்பிரமி வேறு செடி: தடித்த குட்டி இலை, வெளிறிய ஊதாப் பூ. நினைவாற்றல் சோதனைகளில் ஓரளவு பலன் காட்டியது நீர்ப்பிரமிதான், அதுவும் சுமார் 12 வாரம் தொடர்ந்து எடுத்தவர்களிடம். ஒன்றின் புகழை மற்றொன்றின் டப்பாவில் ஒட்டி விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

“வட்ட இலை, தரையில் படர்ந்தால் வல்லாரை.”

களிமண் நிலத்தில் படரும் எலிச்செவியும் அதே சாயல். ஆனால் அதில் மஞ்சள் பூ புனல்போல் விரியும். வல்லாரைப் பூ இலைக்கடியில் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. தொட்டிகளில் அழகுக்கு வைக்கும் நீர்ச்செடி ஒன்றையும் வல்லாரை என்று விற்கிறார்கள். இலைக்காம்பு நடுவில் குடைக்கம்பிபோல் சேர்ந்திருந்தால் அது வல்லாரை கிடையாது. வல்லாரை இலையின் அடி பிளந்திருக்கும், காம்பு அந்தப் பிளவில் சேரும்.

“எங்கே பறித்தாலும் நன்றாகக் கழுவினால் போதும்.”

எனக்கு மிகுந்த கவலை தரும் நம்பிக்கை இதுதான். வல்லாரை ஈரத்தைத் தேடிப் போகும். சாக்கடை ஓரம், கழிவுநீர் தேங்கும் வாய்க்கால் கரை எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சி உடலில் சேர்த்துக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. இலைமேல் ஒட்டிய சேற்றைக் கழுவலாம். இலைக்குள் போனதை மஞ்சள் தண்ணீரும் எடுக்காது. கட்டு என்ன விலை என்று கேட்பதற்கு முன் எங்கே பறித்தது என்று கேட்டுவிடுங்கள்.

“கீரைதானே, அளவு எதற்கு?”

வாரம் ஓரிரு முறை துவையலாகவோ, யாழ்ப்பாணத்தார் செய்வதுபோல் தேங்காயும் சின்ன வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் சம்பலாகவோ உண்பது வேறு, மாத்திரையாக மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. உடல் எடை குறைய வல்லாரை மாத்திரை எடுத்த மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2005இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நிறுத்தியதும் தேறினார்கள். கர்ப்பிணிகளும் கல்லீரல் நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடவே கூடாது.

“நம் செம்மண்ணில் வல்லாரை வராது.”

வெறும் செம்மண்ணில் வராதுதான், தண்ணீர் நிற்காது. ஆனால் தென்னை, வாழை நிழலில், கிணற்றடித் தண்ணீர் ஓடும் பக்கம் ஒரு பாத்தி கட்டி, ஏரி வண்டலும் மக்கிய சாணமும் கலந்து கொட்டுங்கள். கணுவில் வேர்விட்ட கொடித்துண்டு ஒவ்வொன்றையும் சாண் இடைவெளியில் ஊன்றினால் போதும், விதை வேண்டாம். முழு வெயிலைவிட அரை நிழலில் இலை பெரிதாக வரும். ஐப்பசி மழையில் நட்டால் தை மாதம் முதல் பறிப்பு. மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு உறவினர் வந்திறங்கும்போது துவையலுக்கு வீட்டுப் பாத்தியே இருக்கும். வேரோடு பிடுங்காமல் காம்போடு கிள்ளுங்கள். பங்குனி வெயிலில் இலை கருகினாலும் அடி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மறுபடி துளிர்க்கும்.